முதலில் நீர், பிறகே மீன்



சென்ற ஆண்டு நம் பள்ளி வகுப்பறை ஒன்றில் கண்ணாடித் தொட்டி வைத்தோம். மெர்கோங் கடையொன்றில் ஆறு நியான் டெட்ரா மீன்களை வாங்கி, அன்றே குழாய் நீரை நிரப்பி, அன்றே மீன்களையும் விட்டோம். நான்காம் நாள் காலையில் நான்கு மீன்கள் இறந்து மிதந்தன. “நாம்தான் கொன்றுவிட்டோமா, ஐயா?” என்று ஒரு சிறுமி வினவினாள். “ஆம்” என்றே விடை கூறினோம்.

நியான் டெட்ரா தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகைக்குரிய மீன். வளர்ந்த பின்னும் ஏறத்தாழ மூன்று செண்டிமீட்டர் நீளமே இருக்கும். உடலில் நீலக்கோடு ஒளிரும். அதன் கீழே பின்பாதி சிவந்திருக்கும். நம் முன்னோர் பால்வெட்டிய இரப்பர் மரத்தின் தாயகமும் அமேசான் காடே. 1876ஆம் ஆண்டில் அங்கிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற விதைகளின் கன்றுகளே 1877இல் சிங்கப்பூரை வந்தடைந்தன.

நம் மீன்கள் ஏன் மாண்டன? மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு பிறக்கிறது. ஒருவகை நுண்ணுயிர் அதனை நைட்ரைட்டாக்கும். மற்றொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்கும். இவை வடிகட்டியிலும் கூழாங்கற்களிலும் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். புதுத் தொட்டியில் இவை இல்லை. குழாய் நீரிலுள்ள குளோரினும் மீனின் செவுள்களைக் கெடுக்கும்.

இதனைக் கேள்வியுற்ற பெற்றோர் ஒருவர், தோட்டத்து நாற்றங்காலில் பணிபுரிபவர், “மண்ணைப் பண்படுத்தாமல் கன்றை நடுவோமா, ஐயா?” என்றார். பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாம் மறந்த பாடத்தை அவர் ஒரே வரியில் உணர்த்தினார்.

எஞ்சிய இரு மீன்களை வாய்க்காலில் விடலாம் என்று சில மாணவர் கூறினர். அதற்கு நாம் இசையவில்லை. அயல்நாட்டு மீன்களை நம் நீர்நிலைகளில் விடுவது உள்ளூர் மீன்களுக்குக் கேடாகலாம். அவற்றை நன்கு பழகிய தொட்டியுடைய ஒருவரிடம் ஒப்படைத்தோம். பிறகு குளோரின் நீக்கிய நீரை நிரப்பி, மீனில்லாத் தொட்டியில் நாள்தோறும் சிறிதளவு இரையிட்டு, ஆறு வாரம் காத்திருந்தோம். மாணவர் முதலில் நகைத்தனர். பின்னர் நாட்களை எண்ணலாயினர். நீரைச் சோதித்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று கண்ட பின்னரே பத்து டெட்ராக்களை விட்டோம்.

டெட்ரா கூட்டமாய் வாழும் உயிர். ஆறுக்குக் குறைந்தால் அஞ்சி ஒடுங்கும். நம் நாட்டு நீரோடைகளில் வாழும் ஹார்லிகுயின் ரஸ்போரா போன்ற சிறு மீன்கள் அதற்கு நல்ல துணை. வளர்ந்த ஏஞ்சல் மீனோ அதனை விழுங்கிவிடும்.

மீன் தொட்டி வெறும் வேடிக்கைப் பொருள் என்பர் சிலர். அவசரத்தில் வைத்தால் அது வேடிக்கையுமன்று, கொடுமையே. காத்திருந்து வைத்தால் அதுவே அறிவியல் பாடமும் அறப் பாடமும் ஆகும் என்பது நம் கருத்து.

பெற்றோர்களே! பிள்ளைக்குப் பரிசாக மீன் வாங்க எண்ணினால், முதலில் தொட்டியை மட்டும் வாங்கிக் கொடுங்கள். மீனைப் பின்னர் வாங்கலாம். இடையிலுள்ள வாரங்களும் பரிசின் ஒரு பகுதியே.