ஏழு மணி நேரமா, நாலரையா?

கைக்குழந்தையோடு வெளிநாட்டு விமானம் ஏறப்போகும் சகோதரிகளே, டிக்கெட்டில் இருக்கும் நேரத்தை அப்படியே விரல் விட்டு எண்ணாதீர்கள். நான் எண்ணிப் பட்ட பாடு போதும்.

போன வருஷம் ஆடி முடிந்ததும் என் தங்கை ஏழு மாதக் குழந்தையுடன் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குத் தனியாகக் கிளம்பினாள். இரவு பதினொன்றரைக்குப் புறப்பாடு, காலை ஆறரைக்குப் போய்ச் சேரும் என்று டிக்கெட்டில் இருந்தது.

"ஏழு மணி நேரமாச்சே! ஏறினதும் பால் கொடுத்துத் தூங்கப் பண்ணு. அஞ்சரைக்கு எழுப்பி மறுபடி கொடு, இறங்கறதுக்குச் சரியாயிருக்கும்" என்று பெரிய மனுஷியாக யோசனை சொல்லி அனுப்பினேன்.

அவள் கடிகாரத்தில் மூணரை ஆகும்போதே விமானம் இறங்க ஆரம்பித்துவிட்டது. தூக்கத்திலிருந்த பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டதாம். அலறுகிற குழந்தை பால் குடிக்குமா? தரை தொடும்வரை இவளும் சேர்ந்து அழுதிருக்கிறாள்.

விஷயம் இதுதான். சிங்கப்பூர் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முன்னே ஓடுகிறது. அங்கே ஆறரை என்றால் இங்கே நாலு. பயணம் ஏழு மணி இல்லை, நாலரைதான். தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். மணிக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் கிலோமீட்டர் போகிற விமானத்துக்கு அதற்கு மேல் எதற்கு?

"ரெண்டு மணிதானே வித்தியாசம்?" என்றார் என் மாமியார். 1970-ல் 'ராஜூலா' கப்பலில் ஏறக்குறைய ஒரு வாரம் கடலிலேயே கிடந்து போனவர். வயசாச்சு, மறந்துட்டார் என்று நினைத்தேன். இல்லை, அவர் சொன்னது அந்தக் காலத்துக்குச் சரி. 1982 ஜனவரி 1 முதல்தான் சிங்கப்பூரில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தார்களாம்!

காது விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏறும்போதும் இறங்கும்போதும் காற்றழுத்தம் மாறுகிறது. விழுங்கும்போது காதுக்கும் தொண்டைக்கும் நடுவில் உள்ள மெல்லிய குழாய் திறந்து வலி குறையும். அதனால் அந்த இரண்டு வேளையும் குழந்தை விழித்திருந்து ஏதாவது சப்பிக் குடிக்க வேண்டும். தரையிறங்க அரை மணி இருக்கும்போது சொல்லுங்கள் என்று பணிப்பெண்ணிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள், அதில் வெட்கம் என்ன? சளி பிடித்திருந்தால் கிளம்புமுன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பொங்கலுக்குத் திரும்பி வரும்போது வேறு வேடிக்கை. இரவு எட்டுக்குக் கிளம்பி ஒன்பதே முக்காலுக்குச் சென்னை! "வரும்போது மட்டும் ஊர் கிட்டே வந்துடுமா?" என்று என் கணவர் கேலி செய்தார். இந்தத் தடவை கணக்குப் போட்டது தங்கை. நம் ஒன்பதே முக்கால் அவள் கடிகாரத்தில் பன்னிரண்டேகால். 'பதினொன்றே முக்காலுக்குப் பால்' என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டாளாம்.

மீனம்பாக்கத்தில் பிள்ளை பால் பாட்டிலைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தான்.