ஆகாரமும் குடற்புற்றும்

பெருங்குடற் புற்றுநோய் மேனாட்டாரின் வியாதி என்று நாம் அலட்சியமாக இருப்பதற்கில்லை. அபாயம் தேசத்தைவிட ஆகாரத்தையே அதிகம் தொடர்கிறது என்பதை 2015-ஆம் வருஷத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டுகிறது. ஆப்பிரிக்க வம்சத்து அமெரிக்கர் 20 பேரும் தென்னாப்பிரிக்கக் கிராமவாசிகள் 20 பேரும் இரண்டு வாரம் தங்கள் ஆகாரத்தை மாற்றிக்கொண்டனர். நார்ச்சத்து மிகுந்த உணவை உண்ட அமெரிக்கரின் குடலில், நுண்ணுயிர்கள் குடற்சுவரைக் காக்கும் பியூட்டிரேட் என்னும் பொருளை அதிகமாக உண்டாக்கின. மாமிசமும் கொழுப்பும் மிகுந்த உணவை உண்ட ஆப்பிரிக்கரிடமோ, புற்றுநோய் அபாயத்தைச் சுட்டும் குறிகள் தோன்றின.

இரண்டு வாரத்தில் புற்று உண்டாகிவிடாது. ஆனால் பாதை எத்திசையில் செல்கிறது என்பது விளங்கிவிட்டது. அதே வருஷம் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பதனிட்ட மாமிசத்தைப் புற்றுநோய்க் காரணிகளுள் சேர்த்தது.

கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் உண்டு உழைத்த விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில், இன்று தீட்டிய வெள்ளரிசியும் மைதாப் பரோட்டாவும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. 2023-ஆம் வருஷத்தைச் சிறுதானிய வருஷமாக உலகம் கொண்டாடியது. கொண்டாட்டம் போதாது. பள்ளிச் சத்துணவிலும் மாணவர் விடுதிகளிலும் சிறுதானியத்திற்கு நிலையான இடம் வேண்டும்.

கூழ் குடித்தவருக்கு நோயே வராது என்று நாம் கூறவில்லை. மலத்தில் இரத்தம் கண்டவர்கள், மூலமென்று தாமே தீர்மானித்து வாளாவிராமல், முண்டியம்பாக்கம் சர்க்கார் ஆஸ்பத்திரியில் உடனே சோதித்துக்கொள்ள வேண்டும். இவ்விரண்டையும் கிராமந்தோறும் எடுத்துச் சொல்வது பொதுஜன ஊழியர்களின் கடமையாகும்.