புகைபோக்கிக்கு மூடியும் வலையும்: யார் பொறுப்பு?



"எல்லார் வீட்லயும்தான் கேஸ் வந்திடுச்சே, இன்னும் என்ன விறகடுப்பு?" என்று சிலர் கேட்கலாம். ஆனால் குளிக்க வெந்நீர் போடவும், மாதக் கடைசியில் கேஸ் தீர்ந்தபின் உலை வைக்கவும் பின்கட்டு விறகடுப்பைத் தேடும் குடும்பங்கள் தோட்டங்களில் இன்னும் இருக்கின்றன. ரப்பர் விறகுக்குக் காசு இல்லை. அதன் புகைக்கு விலை உண்டு.

அந்த விலையைக் கொடுப்பது யார்? பெரட்டுக்கு முன்பே எழுந்து அடுப்பு ஊதுகிற தாயும், அவள் இடுப்பில் இருக்கும் குழந்தையும்தான். 2020ஆம் ஆண்டில் வீட்டு அடுப்புப் புகையால் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் நோய், சிறு பிள்ளைகளின் நிமோனியா எல்லாம் இதில் அடக்கம்.

இதற்காகத்தான் புகைபோக்கி. ஆனால் ஒரு தகரக் குழாயைக் கூரைக்கு மேலே நீட்டிவிட்டு, "வேலை முடிஞ்சிருச்சு" என்று போய்விடுகிறார்கள். முடியவில்லை, தோழர்களே! திறந்த குழாயில் மழை இறங்கும். கரியோடு சேர்ந்து குழாயை அரித்துவிடும். மைனா கூடு கட்டும். கூடு அடைத்தால் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். கூடவே கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி ஆளையே கொன்றுவிடும்.

பொறியும் பறக்கும். ஆண்டுத் தொடக்கத்தில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும் காலத்தை நினைத்துப் பாருங்கள். கூரைமேலும் வீட்டைச் சுற்றியும் காய்ந்த சருகு. அதில் ஒரு பொறி விழுந்தால், ஒரே கூரையின்கீழ் வரிசையாக இருக்கும் லயத்தில் நெருப்பு ஒரு வீட்டோடு நிற்குமா?

என்ன செய்யவேண்டும்? குழாய்க்கு மேல் ஒரு மூடி. மூடிக்கும் குழாய்க்கும் நடுவே சுற்றிலும் கெட்டியான கம்பிவலை. காட்டுத்தீக்கு அஞ்சும் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இதற்கு விதியே இருக்கிறது. வலைக்கண் அரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது. 3/8 அங்குலத்துக்குக் குறையவும் கூடாது. பெரிசா இருந்தா பொறி தப்பிடும். சின்னதா இருந்தா கரி அடைச்சுக்கும். கொசுவலையைக் கட்டிவிடாதீர்கள்! 6 அங்குலக் குழாய்க்கு வலை 6 அங்குல உயரமாவது இருக்கட்டும். அப்போது சுற்றுத் திறப்பு குழாய் வாயைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு ஆகும். புகை தடையின்றிப் போகும்.

காய்ந்த விறகையே எரியுங்கள். ஈர விறகு கரியைக் கூட்டும். மாதம் ஒருமுறையாவது, அடுப்பு நன்றாக ஆறியபின், வலையைத் தட்டித் துப்புரவு செய்யவேண்டும். இத்தனை செய்தாலும் விறகுப் புகை நல்லதாகிவிடாது. சன்னலைத் திறந்து வையுங்கள். பிள்ளைகளை அடுப்பண்டை உட்கார வைக்காதீர்கள்.

"சரிதாங்க, கூரைமேல யாரு ஏறுறது? காசு யாரு குடுக்கிறது?" என்று கேட்பீர்கள். என் வழக்கும் அதுதான். நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வரும் தொழிலாளி, துருப்பிடித்த தகரத்தில் ஏறி விழுந்து காலை ஒடித்துக்கொள்ள வேண்டியதில்லை. நிர்வாகம் கொடுத்த வீட்டைப் பழுதின்றி வைத்திருப்பது நிர்வாகத்தின் கடமை. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் அதைத்தான் சொல்கிறது. புகைபோக்கியும் வீட்டின் ஒரு பகுதியே. மூடி, வலை, துப்புரவு மூன்றும் பராமரிப்பு வேலை, இனாம் அல்ல.

ஆகவே அடுத்த கிளைக் கூட்டத்துக்குள் உங்கள் லயத்தைச் சுற்றிப் பாருங்கள். எந்த வீட்டில் மூடி இல்லை, எங்கே வலை அடைத்திருக்கிறது என்று வீட்டு எண்ணோடு எழுதுங்கள். கூட்டத்தில் வைத்து, தோட்ட ஆபீசுக்கு எழுத்து மூலமாகவே கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதிக் கொடுத்ததற்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.