செவிகேளாக் குழந்தைக்கு முதலில் மொழி வேண்டும்

பிறவியிலேயே காது கேளாத குழந்தையொன்று ஐந்தாம் வகுப்புக்கு வந்த பின்னரும் பாடநூலின் ஒரு பத்தியைப் பொருள் விளங்கிப் படிக்க இயலவில்லையெனில், குறை குழந்தையிடமே இருப்பதாக முடிவு கட்டப்படுகிறது. இம்முடிவு தவறானது. கேட்கும் குழந்தை ஒரு மொழியுடன்தான் பள்ளிக்குள் நுழைகிறது; எழுத்து என்பது அக்குழந்தை ஏற்கெனவே அறிந்த ஒலிக்கு இடப்படும் குறி. செவிகேளாக் குழந்தைகளில் பெரும்பாலோர் கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். வீட்டில் பேசப்படும் மொழி அவர்களை எட்டுவதில்லை; சைகை மொழியோ பெற்றோருக்குத் தெரியாது. மொழியின்றிக் கழிந்த அந்த முதல் ஐந்தாண்டுகளை எந்த அரிச்சுவடியாலும் ஈடுகட்ட இயலாது.

1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, வாய்ப்பேச்சே மேலானது எனக் கூறி வகுப்பறையிலிருந்து சைகையை விலக்கியது. அத்தீர்மானங்கள் நிராகரிக்கப்பட 2010ஆம் ஆண்டின் வான்கூவர் மாநாடு வரை காத்திருக்க நேர்ந்தது. இதற்கிடையில் சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி தம் பிற்கால எழுத்துகளில், பேச்சுப் பயிற்சி ஒன்றிலேயே குழந்தையை அடைப்பதை மறுத்திருந்தார். நிகரகுவாவில் 1979 புரட்சியை ஒட்டிய ஆண்டுகளில் மனாகுவா பள்ளிகளில் ஒன்று திரண்ட செவிகேளாச் சிறுவர்கள், யாரும் கற்பிக்காமலேயே தமக்குள் ஒரு புதிய சைகை மொழியை உருவாக்கினர்.

மொழிபெயர்ப்பிலேயே காலம் கழித்தவன் என்பதால் ஓர் எடுத்துக்காட்டில் சற்றே தங்க விரும்புகிறேன். ‘அண்ணன் தம்பிக்குப் பழம் கொடுத்தான்’ என்னும் தொடரில் யார் யாருக்குக் கொடுத்தார் என்பதை ‘கு’ என்னும் நான்காம் வேற்றுமை உருபு உணர்த்துகிறது. சைகை மொழியில் அதே பணியைக் கை நகரும் திசை செய்கிறது. இரண்டையும் அறிந்த ஆசிரியர் அந்தத் திசையைக் காட்டி, அதுவே தமிழில் ‘கு’ என எழுதப்படுகிறது என்று விளக்கிவிடுவார். சைகை அறியாத ஆசிரியரால் கரும்பலகையில் எழுதியதைப் பார்த்தெழுதச் செய்யத்தான் முடியும். கையெழுத்து அழகாக அமையும், பொருள் விளங்காது. (இலக்கணம் கற்பித்த என் பேராசிரியர்களுக்கு இச்செய்தி வியப்பளித்திருக்கும்.)

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் செவித்திறன் குறைபாடுடையோர் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர். சைகை மொழி அறிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்துப் பணியமர்த்த வேண்டுமென 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகிறது. 2015இல் தில்லியில் ஆய்வு மையம் அமைந்தது. 2021இல் பத்தாயிரம் சொற்கள் கொண்ட சைகை அகராதியும் வெளிவந்தது. நல்லதுதான். ஆனால் அகராதி தானாக நடந்து வகுப்பறைக்குள் வராது. எட்டாவது அட்டவணையில் இந்திய சைகை மொழிக்கு இன்னும் இடமில்லை. செவிக்குள் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை பலருக்கும் உதவுகிறது, மறுக்கவில்லை. அதன் பின்னர் ஆண்டுக்கணக்கில் தேவைப்படும் பயிற்சிக்காகக் கூலி வேலையை விட்டுவிட்டு நகரத்துக்கு அலைய எத்தனை தாய்மார்களால் இயலும்? அப்பயிற்சி நடக்கும் காலத்திலும் குழந்தைக்கு ஒரு மொழி தேவை.

ஆகவே, குறைபாடு கண்டறியப்பட்ட நாளிலிருந்தே பெற்றோருக்குக் கட்டணமின்றி, அங்கன்வாடி அளவிலேயே சைகை மொழிப் பயிற்சி அளிக்கப்பட வேண்டும். செவிகேளாதோரே ஆசிரியர்களாக, நிரந்தரப் பணியில் அமர்த்தப்பட வேண்டும். நம் பக்கமும் ஒரு குறை உண்டு. நான் மொழிபெயர்க்கச் சென்ற மாநாடுகளில் இந்தி, வங்காளி, மலையாளம் என வரிசையாக ஏற்பாடுகள் இருந்தன. சைகை மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு நாற்காலி இருந்து நான் கண்டதில்லை.