மறக்கச் சொல்லாதீர்கள்

“அதெல்லாம் பழங்கதை. இன்னும் எதற்கு அதையே பேசுகிறீர்கள்?” 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டதைப் பேசும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. கேட்பவர்களுக்கு அரசியல் மட்டுமல்ல, மூளையைப் பற்றியும் தெரியவில்லை.

அச்சமும் அவமானமும் கலந்த நிகழ்வை மூளை மற்றவற்றைப் போலப் பதிவதில்லை. அந்த நேரத்தில் உடலில் அட்ரினலின், கார்டிசால் சுரக்கின்றன. அமிக்டலா என்ற சிறு பகுதி தூண்டப்படுகிறது. எங்கே, எப்போது, யார் என்பதைச் சேர்த்துவைக்கும் ஹிப்போகாம்பஸின் பதிவை அது வலுப்படுத்துகிறது. போன வாரம் சாப்பிட்டது மறந்துபோகும். பத்து வயதில் டீக்கடையில் நமக்கென்று தனியாக நீட்டிய குவளை மறக்காது.

இன்னொன்றும் உண்டு. ஓர் ஒலியோடு மின் அதிர்ச்சி கொடுத்துப் பழக்கிய எலி, பிறகு அந்த ஒலியைக் கேட்டாலே உறைந்து நிற்கும். அதிர்ச்சி இல்லாமல் ஒலியை மட்டும் பலமுறை கேட்கவைத்தால் அச்சம் தணியும். ஆனால் பழைய நினைவு அழிவதில்லை. ‘இப்போது ஆபத்தில்லை’ என்ற புதிய பாடம் அதன் பக்கத்தில் உருவாகிறது. மறுபடி ஒரே ஓர் அதிர்ச்சி போதும், பழைய அச்சம் திரும்பிவிடும்.

நம் மாவட்டத்தில் அந்த அதிர்ச்சி எப்போது நின்றது? 2023 ஏப்ரலில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் சென்ற தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூனில் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். 2025 ஏப்ரலில்தான் தலித் மக்கள் உள்ளே போய் வழிபட முடிந்தது, அதுவும் போலீஸ் பாதுகாப்போடு. அதே ஆண்டு செப்டம்பரில், திண்டிவனம் நகராட்சி அலுவலகத்தில் தலித் ஊழியர் ஒருவர் காலில் விழவைக்கப்பட்டதாகக் காணொளி வெளியானது. 1978ஐ நேரில் பார்க்காத தலைமுறைக்கும் அந்த ஆண்டை நினைவூட்டுகிறவர்கள் நாமல்ல, இவர்கள்தான்.

சாதியை நரம்பணுக்களுக்குள் அடைத்துவிட முடியாது. ஆனால் ஒன்று உறுதி: சேரிக்காரரைக் கண்டதும் முகம் சுளிக்கும் குழந்தை எதுவும் பிறப்பதில்லை. அந்த அருவருப்பும் வீட்டில், தெருவில் கற்றுக்கொடுக்கப்பட்ட உணர்ச்சி நினைவுதான். மறக்கவேண்டியது அது.

அமைதிக்கூட்டம் போட்டு எங்களை மறக்கச் சொல்லாதீர்கள். குற்றவாளிக்குத் தண்டனை, தடையில்லாத வழிபாடு, தலைநிமிர்ந்து செய்யும் அரசு வேலை: ‘இப்போது ஆபத்தில்லை’ என்று மூளை நம்புவதற்கு இவைதான் சான்றுகள். அதுவரை நினைவில் வைத்திருப்பதே எங்கள் தற்காப்பு.