பத்தாம் நம்பர் ஸ்பெனர்

சகோதரிகளே! நம் லிந்துலையில் ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டாவது போய்விடலாம். பிள்ளை இறக்கத்தில் விடும்போதுதான் உம்மாவின் வயிற்றில் புளி கரைகிறது. பிரேக் கம்பியைப் பிடித்திருப்பது ஒரு சின்ன ஆணியும் சுரையும். அதைப் பார்க்க நீங்களே போதும்.

ஸ்பெனரில் உள்ள எண் ஆணியின் பருமன் அல்ல, தலையின் அகலம். சாதாரணமாக 8 ஸ்பெனர் பிடித்தால் ஆணி 5 மில்லிமீற்றர். 10 என்றால் 6. 13 என்றால் 8. வீட்டில் இருப்பது வாப்பா காலத்துப் பழைய றலி சைக்கிளா? அதில் அங்குலக் கணக்கு. மில்லிமீற்றர் ஸ்பெனர் வழுக்கி மூலைகளைத் தேய்த்துவிடும்.

எவ்வளவு இறுக்குவது? 'கை வலிக்கும்வரை' என்பார்கள் ஆண்கள். பிழை! இறுக்கத்தை அளப்பது நியூட்டன் மீற்றரில். பிரேக் கம்பி ஆணி 6 மில்லிமீற்றர் என்றால் சுமார் 7 போதும். கிடையாகப் பிடித்த 15 சென்றிமீற்றர் ஸ்பெனரின் நுனியில் 5 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்ட பாரம்தான் அது. குறைந்தால் கம்பி நழுவும். கூடினால் புரி அழியும், கம்பியும் நசுங்கும். பெடலுக்கோ ஏறத்தாழ 40 வேண்டும். 20 சென்றிமீற்றர் ஸ்பெனரில் 20 கிலோ. ஆணிக்குப் பக்கத்தில் எண் பொறித்திருந்தால் அதுவே கணக்கு.

இடது பெடலின் புரி மட்டும் எதிர்ப்பக்கம். கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல், கழற்றுவதாக நினைத்து நாங்கள் ஒரு மணித்தியாலம் இறுக்கியிருக்கிறோம்!

புதிதாகப் பூட்டிய ஆணிகளை ஒரு கிழமை ஓடிய பிறகு மறுபடி தொட்டுப் பாருங்கள்.