ஓ.கே. பிறந்த கதை

உலகத்தின் எந்த மூலையிலும் இன்று சம்மதத்திற்கு அடையாளமாக ஒலிக்கும் ‘ஓ.கே.’ என்னும் சொல், ஏதோ ஒரு புராதன பாஷையின் கர்ப்பத்திலிருந்து உதித்ததன்று. அமெரிக்காவிலே, 1839 மார்ச் 23 அன்று, பாஸ்டன் நகரத்து ‘மார்னிங் போஸ்ட்’ பத்திரிகையில் ஒரு விநோதமாக அச்சேறியதே அதன் ஜனனம். ‘ஆல் கரெக்ட்’ என்பதை வேண்டுமென்றே பிழைபட ‘ஓல் கொரெக்ட்’ என்று கொண்டு, முதலெழுத்துகளை மட்டும் நிறுத்துவது அந்நாளைய பத்திரிகையாளர்களுக்குப் பிரியமான விளையாட்டு. ‘ஆல் ரைட்’ என்பதும் அவ்வாறே ‘ஓ.டபிள்யூ.’ ஆகி, சில காலம் உலவி மறைந்தது.

இஃதொன்று மட்டும் பிழைத்ததற்கு, என் அபிப்பிராயத்தில், அரசியலே பிரதான காரணம். 1840 ஜனாதிபதித் தேர்தலில் நின்ற மார்ட்டின் வான் பியூரன், நியூயார்க் மாகாணத்துக் கிண்டர்ஹுக்கில் பிறந்தவராதலின், ‘ஓல்டு கிண்டர்ஹுக்’ என்னும் அவருடைய பட்டப்பெயருக்கும் அவ்வெழுத்துகளே பொருந்திவர, ஆதரவாளர்கள் ஓ.கே. சங்கம் ஸ்தாபித்து வீதிதோறும் முழங்கினர். எதிர்க்கட்சியினரோ, அவருக்கு முந்தைய ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாமையால் விளைந்தது அது என்று பரிகசித்தனர். வான் பியூரன் தோல்வியுற்ற பின்னரும் சொல் நிலைத்தது.

அச்சொல் அமெரிக்கச் சோக்டா பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்தது என்னும் கதையை, ஜனாதிபதி உட்ரோ வில்சன் போன்ற வித்வானும் நம்பினார். ஆலன் வாக்கர் ரீட் என்னும் பேராசிரியர் பழம்பத்திரிகைகளைச் சிரமத்துடன் துருவி, 1963-64இல் உண்மையை ஸ்தாபித்தார். அதன் பின்னும் அக்கதைகளைச் சரித்திரமென்று எழுதுவது அவருடைய உழைப்புக்கு இழைக்கும் அநீதியாகும்.